சுவரிலிருந்து தொடங்குங்கள்: யாழ்ப்பாணத்தில் முதல் ஒளிப்படக் கண்காட்சியை நடத்துவோருக்கு

முதன்முறையாக ஒளிப்படக் கண்காட்சி நடத்த விரும்பி ஆலோசனை கேட்டு வருபவர்கள் பெரும்பாலும் ஒரு பென் டிரைவைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். அதில் முந்நூறு, நானூறு படங்கள் இருக்கும். எந்த மண்டபம், சுவரின் நீளம் எவ்வளவு, அதில் ஆணி அடிக்க விடுவார்களா, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டால், அதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நானும் என் முதற் கண்காட்சியை அப்படித்தான் தொடங்கினேன். இருபத்திரண்டு படங்களை ஒரே அளவில் அச்சிட்டு, சட்டகமும் போட்டுக் கொண்டுபோய் இறக்கிய பிறகுதான், அந்த மண்டபத்தின் இரண்டு பக்கச் சுவர்களும் யன்னல்களாலேயே ஆனவை என்பதைக் கண்டேன். எட்டுப் படங்கள் மேடைக்குப் பின்னால் பெட்டியிலேயே கிடந்தன. அந்த எட்டுப் படங்களுக்கும் செலவழித்த பணத்தில் மிகுதிப் பதினான்கையும் இன்னும் நல்ல கடதாசியில் அச்சிட்டிருக்கலாம் என்ற எண்ணம் இன்றும் வருவதுண்டு. ஆகவே இந்த வழிகாட்டி படக்கருவியை விட்டுவிட்டுச் சுவரிலிருந்து தொடங்குகிறது.

சுவரை அளத்தல்

ஒளிப்படத்துக்கென்றே கட்டப்பட்ட காட்சிக்கூடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பொது நூலகத்துக்கு அருகில், இந்திய அரசின் நிதியுதவியுடன் கட்டப்பட்டு 2023ஆம் ஆண்டு கையளிக்கப்பட்ட கலாசார மையம் (இப்போது திருவள்ளுவரின் பெயரைத் தாங்கி நிற்பது), பாடசாலை மண்டபங்கள், சனசமூக நிலையங்கள், உறவினர் வெளிநாட்டில் இருப்பதால் பூட்டிக் கிடக்கும் நாற்சார் வீடுகள் என்று இடங்கள் பலவகை. ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு சிக்கல் உண்டு. பொது மண்டபங்களில் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கிடைப்பது அரிது. அங்கே காட்சிப் பலகைகளை வாடகைக்கு எடுக்க வேண்டியிருக்கும். நாற்சார் வீடு பார்ப்பதற்கு மிக அழகானது, ஆனால் முற்றத்தின் வெயில் காலையில் மேற்குத் திண்ணையிலும் மாலையில் கிழக்குத் திண்ணையிலும் விழும். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவரோ ஆணியை ஒரு நாள் தாங்கி, இரண்டாம் நாள் உதிர்ந்துவிடும். அத்தகைய வீட்டில் மேல்வளையிலிருந்து கம்பி இறக்கித் தொங்கவிடுவதே பாதுகாப்பு.

இடத்தைப் பார்க்கப் போகும்போது அளவுநாடா, பென்சில், கட்டம் போட்ட கொப்பி ஆகிய மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். கண்காட்சி நடக்கப்போகும் அதே நேரத்தில், அதாவது மாலை நான்கு மணிக்குத் திறப்பதாயின் மாலை நான்கு மணிக்கே, போய்ப் பாருங்கள். சுவரின் நீளம், உயரம், மின்விசிறிச் சுவிச்சுகள், யன்னல்கள், கதவு திறக்கும் பக்கம் எல்லாவற்றையும் 1:20 என்ற அளவில் வரைந்துகொள்ளுங்கள். 6 மீற்றர்ச் சுவர் கொப்பியில் 30 சென்ரிமீற்றராக வரும். 80 சென்ரிமீற்றர் அகலமுள்ள சட்டகங்கள் ஐந்தை அந்தச் சுவரில் மாட்டினால் 4 மீற்றர் போகும்; இடையே 30 சென்ரிமீற்றர் வீதம் நான்கு இடைவெளிகளும், இரு ஓரத்திலும் 40 சென்ரிமீற்றரும் விட்டால் சுவர் நிறைந்துவிடும். ஆறாவது படத்தைத் திணிக்க மனம் சொல்லும். திணிக்காதீர்கள்.

காலத்தையும் சுவரோடு சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை வடகீழ்ப் பருவமழை; அந்த மாதங்களில் கடதாசி ஈரத்தைக் குடித்து அலையலையாக நெளியும், வருகையும் குறையும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களில் வெளிநாட்டிலிருந்து வருவோர் ஊரில் நிறைந்திருப்பார்கள் என்பது உண்மை, ஆனால் மாலைப் பூசை நேரத்தில் திறப்புவிழா வைத்தால் வருவதற்கு ஆள் இராது. தைப்பொங்கல் கழிந்த பின்னான வாரங்கள் என் அனுபவத்தில் மிகவும் வசதியானவை.

படங்களைத் தெரிதல்

சுவரின் அளவு தெரிந்ததும் எத்தனை படம் வேண்டும் என்பது தானாகவே தெரிந்துவிடும். தெரிவுக்கு வரக்கூடிய ஒரு நாற்பது படங்களை ஏதாவதொரு ஸ்ரூடியோவில் 4×6 அங்குல அளவில் மலிவாக அச்சிட்டெடுத்து, வீட்டுத் தரையில் பரப்புங்கள். கணினித் திரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கும்போது எல்லாப் படமும் நன்றாகவே தோன்றும். தரையில் அடுத்தடுத்துக் கிடக்கும்போதுதான் ஒரே கடற்கரை, ஒரே பனைவரிசை, ஒரே சூரிய அத்தமனம் மூன்று முறை வந்திருப்பது தெரியும். இரண்டு மூன்று நாட்கள் அப்படியே விட்டு, நடந்து போகும்போதெல்லாம் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

இந்தக் கட்டத்திலேயே இன்னொன்றையும் செய்தாக வேண்டும். படத்தில் முகம் தெரியும் ஒவ்வொருவரிடமும், சிறுவராயின் பெற்றோரிடமும், படம் சுவரில் தொங்கும், விற்கப்படவும் கூடும் என்பதைச் சொல்லி எழுத்தில் சம்மதம் பெறுங்கள். தெருவில் எடுத்த படமென்றால் இது எப்போதும் இயலாது. ஆனால் போராட்டத்தில் அமர்ந்திருக்கும் தாய்மாரையும், இழப்பின் நடுவே இருப்பவர்களையும் எடுத்த படங்களை அவர்களுக்குத் தெரியாமல் சட்டகம் போட்டு விலைச்சீட்டு ஒட்டுவதை நான் எந்த நியாயத்தாலும் ஏற்றுக்கொள்ள மாட்டேன். சின்ன ஊர் இது. திறப்புவிழாவுக்கு வருபவர் படத்தில் இருப்பவரின் மருமகளாக இருப்பார்.

கோப்பு எவ்வளவு பெரிதாக வரும்

கணக்கு எளிது. பிக்சல் எண்ணிக்கையை அங்குலத்துக்கு 300 ஆல் வகுத்தால், கிட்ட நின்று பார்த்தாலும் குறை தெரியாத அளவு கிடைக்கும். 24 மெகாபிக்சல் கருவியின் படம் 6000×4000 பிக்சல், அது 20×13.3 அங்குலம் வரை 300இல் வரும். ஏ2 அளவுக்கு, அதாவது 420×594 மில்லிமீற்றருக்கு, அதே படத்தைக் கொண்டுபோனால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 256 பிக்சல் கிடைக்கும், அது போதுமானது. சொரசொரப்பான பஞ்சுக் கடதாசியில் 200 கூடத் தாங்கும், ஏனெனில் கடதாசியின் மேற்பரப்பே நுணுக்கங்களைச் சற்று மறைத்துவிடும். கைத்தொலைபேசியின் 4000×3000 பிக்சல் படம், வெளிச்சம் நன்றாக இருந்தபோது எடுத்ததாயின், ஏ3 வரை துணிந்து போகலாம். ஆனால் அதே படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரண முறையில் அனுப்பி, அங்கிருந்து இறக்கிக் கொடுத்தீர்களானால் நீளப்பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கியிருக்கும். 300இல் அது 5 அங்குலத்தைச் சற்றே தாண்டும். அச்சகத்துக்குக் கோப்பை மின்னஞ்சல் இணைப்பாகவோ பென் டிரைவிலோ மட்டும் கொடுங்கள்.

அச்சு இருட்டாக வந்துவிட்டது என்பதே புதியவர்களின் முதல் முறைப்பாடு. பெரும்பாலும் தவறு அச்சுப்பொறியில் இல்லை. கடையிலிருந்து வந்தபடியே இருக்கும் திரை, அச்சுக்கு ஒப்பிடத்தக்க வெளிச்சத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு பிரகாசமானது. திரையின் வெளிச்சம் சதுர மீற்றருக்கு 80 முதல் 120 கண்டெலாவுக்குள் இருக்க வேண்டும். அதை அளக்கும் கருவியை வாங்கவோ இரவல் பெறவோ முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால், அச்சிடப்போகும் கடதாசியின் வெற்றுத் துண்டொன்றை மேசை விளக்கின்கீழ்த் திரைக்கு அருகில் பிடித்து, திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, இரண்டும் ஒரே வெண்மையாகத் தோன்றும்வரை திரையின் ஒளியைக் குறையுங்கள். நள்ளிரவில் மின்விளக்கை அணைத்துவிட்டுப் படத்தைத் திருத்துவோர் இந்தச் சோதனைக்குப் பிறகு அந்தப் பழக்கத்தைக் கைவிடுவார்கள்.

எடுக்கும்போதே றோ கோப்பாக (கருவி பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைத்திருக்கும் கோப்பு) எடுத்திருந்தால், திருத்திய பின் 16 பிற் டிஃப் கோப்பாக (தரம் குறையாமல் சேமிக்கும் வகை), அடோபி ஆர்ஜிபி நிறவெளியில் வைத்துக்கொள்ளுங்கள்; கோப்பில் அடங்கக்கூடிய நிறங்களின் வரம்பே நிறவெளி. அச்சகம் எஸ்ஆர்ஜிபி என்ற சற்றுக் குறுகிய நிறவெளியைக் கேட்டால் அதிலேயே கொடுங்கள். கேட்காத நிறவெளியில் கொடுக்கும் கோப்பு சப்பென்று வெளிறி வரும். நல்ல அச்சகம் தன் அச்சுப்பொறிக்கும் குறிப்பிட்ட கடதாசிக்கும் உரிய ஐசிசி நிறவிவரக் கோப்பைத் தரும். அதைப் போட்டோஷொப்பிலோ லைட்ரூமிலோ ஏற்றி, அச்சில் எப்படி வரும் என்பதை முன்னோட்டமாகத் திரையிலேயே பார்க்கலாம். திருவிழாக் குங்குமமும், செவ்வரத்தம் பூவின் சிவப்பும், மணற்காட்டுக் கடலின் கடும் நீலமும் மங்கிப்போவதை அங்கேதான் முதலில் காண்பீர்கள். அப்போது நிறத்தை ஏற்றி ஏற்றி இழுப்பதால் பயன் இல்லை. கடதாசிக்கு இயலாத நிறத்தை அது தராது. பக்கத்திலுள்ள நிறங்களைச் சற்று அடக்கினால் சிவப்பு தானாக எழுந்து நிற்கும்.

கடதாசியும் மையும்

இங்கேதான் பணத்தையும் பொறுமையையும் செலவழிக்க வேண்டும். நம் ஊரில் படத்தைப் பெரிதாக்குவது என்றால் மூன்று வழிகள் உள்ளன. முதலாவது பிளெக்ஸ் பதாகை; அது மதிலுக்கும் மரண அறிவித்தலுக்கும் உரியது, காட்சிச் சுவருக்கு உரியதன்று. இரண்டாவது, ஸ்ரூடியோக்கள் கலியாண அல்பத்துக்குப் பயன்படுத்தும் ஒளியுணர் கடதாசி. சிறிய அளவில் சோதனைக்கும், செலவைக் குறைக்க வேண்டிய கண்காட்சிக்கும் அது குறைவானதன்று. மூன்றாவது, நிறமி மையால் பஞ்சுக் கடதாசியிலோ பரைற்றா கடதாசியிலோ (பேரியம் சல்பேற்றுப் பூச்சுள்ள, சற்று மினுங்கும் கடதாசி) அச்சிடுவது. கலைநோக்கு அச்சு என்று உலகெங்கும் விற்கப்படுவது இந்த மூன்றாவது வகை.

இதற்குச் சில அச்சகங்கள் "ஜிக்ளே" என்ற பெயரைச் சூட்டி விலையை உயர்த்துவார்கள். அந்தச் சொல்லை 1991ஆம் ஆண்டு, கலிபோர்னியாவில் நாஷ் எடிஷன்ஸ் என்ற அச்சகத்தில் பணியாற்றிய ஜக் டுகேன் என்பவர், பீய்ச்சியடித்தல் என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லொன்றிலிருந்து உருவாக்கினார். மை பீய்ச்சும் அச்சு என்பதற்கு மேல் அந்தச் சொல்லில் எந்த உத்தரவாதமும் இல்லை. ஆகவே பெயரை விட்டுவிட்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: மை சாயமா, நிறமியா? கடதாசியின் தயாரிப்பாளர் யார், அதன் எடை சதுர மீற்றருக்கு எத்தனை கிராம்? அந்தக் கடதாசிக்கு நிறவிவரக் கோப்பு உண்டா? மூன்றுக்கும் தயங்காமல் விடை சொல்லும் இடத்தில் வேலையைக் கொடுங்கள். யாழ்ப்பாணத்தில் கிடைக்காவிட்டால் கொழும்பில் அச்சிடுவிக்கலாம். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தூரம் அச்சுகள் வரவேண்டியிருப்பதால், குறைந்தது 10 சென்ரிமீற்றர் விட்டமுள்ள தடித்த குழாயில், இடையிடையே அமிலமற்ற மெல்லிய தாள் வைத்து, குழாயின் இரு வாயும் பொலித்தீனால் மூடப்பட்டு வரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒடுங்கிய குழாயில் சுருட்டினால் 300 கிராம் கடதாசியின் மேற்பூச்சு வெடிக்கும்.

சாய மை கடதாசிக்குள் கரைந்து ஊறுவது. நிறமி மை நுண்ணிய திடத் துகள்களாக மேற்பரப்பில் தங்குவது. வெளிச்சத்தையும் ஈரத்தையும் துகள் நன்றாகத் தாங்கும். நூறாண்டு நிலைக்கும், இருநூறாண்டு நிலைக்கும் என்று பெட்டிகளில் எழுதியிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். இத்துறையில் பெரும்பாலும் மேற்கோள் காட்டப்படும் வில்ஹெல்ம் ஆய்வகம், காட்சிக்கு வைக்கும் அச்சுகளுக்கான தன் கணிப்பை 24 பாகை வெப்பநிலை, 60 சதவீத ஈரப்பதன், நாளொன்றுக்கு 12 மணித்தியாலம் 450 லக்ஸ் வெளிச்சம் என்ற நிபந்தனைகளில் செய்கிறது. வாடைக்காலத்தில் குருநகரிலோ பருத்தித்துறையிலோ கடற்கரையோர வீடொன்றின் சுவர் அந்த நிபந்தனைக்குள் அடங்காது.

கடதாசியில், முழுக்கப் பஞ்சால் ஆன மட் வகை மென்மையானது, பிரதிபலிப்பு இல்லாதது, கையில் எடுத்தாலே மனம் நிறைவது. ஆனால் அதன் கறுப்பு ஆழமானதன்று. எண் கூடக் கூடக் கறுப்பு ஆழமாகும் அடர்த்தி அளவையில் மட் கடதாசியின் கறுப்பு 1.6, 1.7 அளவில் நிற்கும். பரைற்றா கடதாசியில் அது 2.3ஐத் தாண்டும். மழைமேகம், பழைய மனிதர்களின் முகம், வெள்ளை மணல், காலைப் பனிப்புகார் போன்றவற்றுக்கு மட் பொருந்தும். கோயில் மூலத்தானத்து இருளில் எரியும் ஒற்றைத் தீபத்தை மட்டில் அச்சிட்டால், இருள் சாம்பலாகிவிடும், அதற்குப் பரைற்றாதான். ஒரே கண்காட்சியில் இரண்டையும் கலக்கலாமா என்று கேட்பார்கள். ஒரே சுவரில் கலக்காதீர்கள்.

கடதாசியில் வெண்மையூட்டும் இரசாயனம் சேர்த்திருக்கிறார்களா என்பதை அறிய ஓர் எளிய வழி உண்டு. கள்ளநோட்டுப் பார்ப்பதற்குக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா விளக்கின்கீழ்க் கடதாசியின் ஒரு துண்டைப் பிடியுங்கள். பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால் இரசாயனம் நிறைய இருக்கிறது. காலப்போக்கில் அது செயலிழந்து, வெள்ளை மெல்ல மஞ்சளாகும். மங்கலாகவே இருந்தால் அச்சு வெளியானபோது சற்றுப் பழுப்பாகத் தோன்றினாலும் அப்படியே நிலைக்கும். விற்பனைக்கு வைக்கும் படங்களுக்கு இரண்டாவதையே நான் தெரிவேன்.

அச்சுக்கு இத்தனை கவனம் தேவையா என்று ஐயுறுபவர்களுக்கு லயனல் வென்டைச் சொல்லலாம். 1900ஆம் ஆண்டு பிறந்து 1944ஆம் ஆண்டு இறந்த அந்தக் கொழும்பு ஒளிப்படக் கலைஞரின் நெகற்றிவ்கள் அவர் இறந்த பின் அழிக்கப்பட்டுவிட்டன. இன்று நாம் அவரை அறிவது, அவர் தம் இருட்டறையில் அச்சிட்டு விட்டுச்சென்ற படங்களால்தான். கோப்பு இருக்கிறதே என்ற தைரியம் வன்தட்டு பழுதாகும் நாள்வரைக்கும்தான்.

சோதனை அச்சு

இறுதி அளவில் எல்லாவற்றையும் ஒரே நாளில் அச்சிடுவிக்காதீர்கள். ஒவ்வொரு படத்திலும் மிக இருண்ட பகுதி, மிக வெளிச்சமான பகுதி, மனிதத் தோல் ஆகிய மூன்றும் வரத்தக்க ஒரு பட்டையை வெட்டி, அதே கடதாசியில் அச்சிட்டுப் பாருங்கள். ஏ3 தாளொன்றில் ஐந்தாறு பட்டைகள் கொள்ளும். அச்சு வெளிவந்த உடனே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மை காய்ந்து நிறம் நிலைக்கக் குறைந்தது ஒரு நாள் ஆகும். அதன் பிறகு வெயில் படாத யன்னல் வெளிச்சத்திலும், மண்டபத்தில் இருக்கும் அதே வகை மின்குமிழின் கீழும் பாருங்கள். வீட்டு விளக்கில் சரியாகத் தெரிந்த சாம்பல், மண்டபத்தின் குழல் விளக்கில் பச்சையாகத் தெரிவது புதுமையன்று.

மட் கடதாசி மையை உறிஞ்சிப் பரவவிடுவதால், திரையில் சற்று அதிகம் என்று தோன்றுமளவு கூர்மை தேவைப்படும். பளபளப்பான கடதாசிக்கு அவ்வளவு வேண்டாம். அச்சைக் கையாளும்போது பருத்திக் கையுறை அணியுங்கள். மட் கடதாசியில் பதிந்த விரலடையாளத்தை அகற்ற வழியே இல்லை.

சட்டகம்

நம் ஊரில் பிறேம் போடும் கடைகள் மிகத் திறமையானவை; ஆனால் அவர்களின் கை பழகியது சுவாமிப் படங்களுக்கும், பட்டமளிப்புப் படங்களுக்கும், அந்தியேட்டிக்கு அவசரமாகக் கேட்கும் அமரர் படங்களுக்கும்தான். அந்த முறையில் கண்ணாடி படத்தின்மேல் நேராக அழுந்தியிருக்கும், பின்னால் ஹார்ட்போர்ட் அட்டை இருக்கும், படம் செலோரேப்பால் ஒட்டப்பட்டிருக்கும். அச்சிட்ட மறுநாளே ஆறு படங்களை நான் அப்படிக் கண்ணாடி போடக் கொடுத்தேன். வேறு விதமாகச் செய்யும்படி சொல்லாதது என் தவறு. கார்த்திகை மழையில் கண்ணாடியின் உட்புறம் வியர்த்து, மை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிரித்தபோது, படத்திலிருந்த கிழவரின் நெற்றி கண்ணாடியோடு போய்விட்டது.

ஆகவே கடைக்காரரிடம் எழுதிக் கொடுக்க வேண்டியவை இவை. படத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் யன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை, குறைந்தது 2 மில்லிமீற்றர் தடிப்பில், அமிலமற்றதாக இருக்க வேண்டும். மவுண்ட் வேண்டாமென்றால் சட்டகத்தின் உள்விளிம்பில் மெல்லிய மரச்சட்டம் வைத்து இடைவெளி விட வேண்டும். படத்தைப் பின் அட்டையில் முழுவதாக ஒட்டக்கூடாது; மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில், யப்பானிய மெல்லிழைத் தாளும் கோதுமை மாப்பசையும் கொண்டு பிணைக்க வேண்டும், அப்போதுதான் ஈரத்துக்கு ஏற்பக் கடதாசி விரிந்து சுருங்க இடமிருக்கும். மாப்பசையில் பூச்சி வரும் என்று அஞ்சுவோர், அதை அன்றன்று காய்ச்சி மிக மெல்லியதாகப் பூசினால் போதும். யப்பானியத் தாள் கிடைக்காவிட்டால், படத்தில் பசையே படாதபடி, நான்கு மூலைகளிலும் அமிலமற்ற கடதாசியால் மடித்த மூலைப் பைகளில் படத்தைச் செருகுங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வது இந்த இரண்டாவது முறையைத்தான். செலோரேப், மாஸ்கிங் ரேப், பெவிகோல் மூன்றும் படத்தை நெருங்கவே கூடாது.

பின்புறத்தில் ஹார்ட்போர்ட் தவிர்க்க முடியாததானால், அதற்கும் படத்துக்கும் இடையில் அமிலமற்ற அட்டையொன்றை வையுங்கள். முழுப் பின்பக்கத்தையும் கடதாசியால் மூடி ஒட்டுவது பூச்சிகளையும் கறையானையும் தடுக்கும். கீழ் மூலைகளில் சிறிய இறப்பர்த் துண்டுகளை ஒட்டினால் சட்டகத்துக்கும் சுவருக்கும் இடையே காற்றோடும். பூஞ்சணம் பிடிப்பது பெரும்பாலும் அந்த இடைவெளி இல்லாத இடத்தில்தான். கண்ணாடியா அக்ரிலிக்கா என்பது போக்குவரத்தைப் பொறுத்தது: பேரூந்திலோ ரயிலிலோ போகும் படத்துக்கு அக்ரிலிக், ஊருக்குள்ளேயே இருக்கும் படத்துக்குக் கண்ணாடி. அக்ரிலிக்கைத் துடைக்க மிருதுவான ஈரத் துணி மட்டும் போதும். சட்டகத்தின் நிறத்தைப் பற்றி ஒன்றே சொல்வேன்: பொன்வண்ணச் சித்திரவேலைச் சட்டகம் நல்லூர்க் கந்தனுக்கு அழகு.

அச்சிட்ட பின் குறைந்தது ஒரு நாள், பிசின் பூச்சுக் கடதாசியாயின் (இருபுறமும் பிளாஸ்ரிக் படலம் போட்டது) இன்னும் சில நாள், திறந்தபடி வைத்துவிட்டுத்தான் கண்ணாடிக்குள் அடைக்க வேண்டும். மையிலுள்ள கரைப்பான்கள் மெல்ல ஆவியாகின்றன; அவசரப்பட்டு அடைத்தால் கண்ணாடியின் உட்புறத்தில் பனிபோல ஒரு படலம் படியும்.

தொங்கவிடுதலும் வெளிச்சமும்

எல்லாப் படங்களின் நடுப்பகுதியும் தரையிலிருந்து 145 முதல் 150 சென்ரிமீற்றர் உயரத்தில், ஒரே கோட்டில் வரவேண்டும். நம் வீடுகளில் படங்களை உத்தரத்துக்கு அருகில் மாட்டிப் பழகியதால் புதியவர்கள் எப்போதும் உயர்த்தியே மாட்டுவார்கள். ஆணியின் உயரத்தைக் காண ஒரு கணக்கு உண்டு: நடுக்கோட்டின் உயரத்தோடு சட்டகத்தின் பாதி உயரத்தைக் கூட்டி, இழுத்துப் பிடித்த கம்பியின் உச்சிக்கும் சட்டகத்தின் மேல்விளிம்புக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கழியுங்கள். 60 சென்ரிமீற்றர் உயரமான சட்டகத்தில் அந்தத் தூரம் 6 சென்ரிமீற்றரானால், 145ஐயும் 30ஐயும் கூட்டி 6ஐக் கழிக்க 169 வரும். தங்கூசியில் (நைலோன் நூலில்) தொங்கவிட்டால் கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மையே. ஆனால் அது பாரத்தில் நீளும், ஒரே கோட்டில் மாட்டிய படங்கள் மூன்றாம் நாள் படிக்கட்டாகிவிடும். கண்ணாடி போட்ட சட்டகத்துக்கு முறுக்கிய உலோகக் கம்பியே பொருத்தம்.

வெளிச்சம் 150 முதல் 200 லக்ஸ் வரை இருந்தால் போதும். கைத்தொலைபேசிச் செயலியால் ஓரளவு அளந்துகொள்ளலாம். எல்ஈடி மின்குமிழ் வாங்கும்போது வோட்டை மட்டும் பார்க்காமல், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதைக் குறிக்கும் நிறவெளிப்பாட்டுச் சுட்டி (CRI) 90க்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிற வெப்பநிலை 3000 முதல் 4000 கெல்வினுக்குள், எல்லாம் ஒரே வகையாக இருக்கட்டும். விளக்கைச் செங்குத்துக்கு 30 பாகை சரிவில் வைத்தால் கண்ணாடியில் விளக்கின் பிம்பமும் பார்வையாளரின் நிழலும் விழாது. படத்துக்கு எதிரே யன்னல் இருந்தால் வெள்ளைத் துணியால் மறையுங்கள். நேரடி வெயில் விழுமாயின் அந்த இடத்தில் படமே வைக்காதீர்கள். மின்தடையின்போது மண்டபத்தின் மின்பிறப்பாக்கி காட்சி விளக்குகளுக்கும் மின் கொடுக்குமா, ஒலிபெருக்கிக்கு மட்டும்தானா என்பதையும் கேட்டு வையுங்கள்.

திறப்புவிழாவில் குத்துவிளக்கு ஏற்றுவதானால் அது வாசலுக்கு வெளியே இருக்கட்டும். பன்னீர் தெளிப்பதும் சந்தனம் வைப்பதும் மரியாதைதான்; ஆனால் பன்னீர்த்துளி கண்ணாடி போடாத மட் அச்சில் விழுந்தால் அடையாளம் போகாது, சந்தனக் கை சட்டகத்தைத் தொடாமலும் இராது.

பெயரட்டை, பதிப்பெண், விலை

பெயரட்டையைப் படத்தின் வலப்பக்கத்தில், குனியாமல் வாசிக்கத்தக்க எழுத்தளவில் வையுங்கள். தலைப்பு, எடுத்த இடமும் ஆண்டும், அச்சின் வகை, பதிப்பெண் ஆகியன போதும். "பஞ்சுக் கடதாசியில் நிறமி மை அச்சு" என்று எழுதுவதே நேர்மையான விவரணம். தமிழோடு சிங்களமும் ஆங்கிலமும் சேர்ப்பது நல்லது. மொழிபெயர்ப்பை அந்த மொழியைப் பேசி வளர்ந்த ஒருவரிடம் காட்டாமல் அச்சிட வேண்டாம்.

பதிப்பெண் என்பது ஒரு வாக்குறுதி. 3/10 என்று எழுதினால், அந்த அளவில் பத்துக்கு மேல் அச்சிட மாட்டேன் என்பதும், இது அவற்றில் மூன்றாவது என்பதும் பொருள். முதற் கண்காட்சிக்குப் பத்துக்கு மேல் வேண்டாம். கலைஞரின் தனிப்படியாக ஒன்றிரண்டை வேறாக வைத்துக்கொள்ளலாம். பஞ்சுக் கடதாசியில் படத்துக்கு வெளியே, கீழ் ஓரத்தில், பென்சிலால் கையொப்பமிடுங்கள். எந்தப் படத்தின் எந்த எண்ணை யாருக்கு, எப்போது கொடுத்தீர்கள் என்பதை ஒரு கொப்பியில் எழுதிவருவது இன்றியமையாதது.

விலையைத் தீர்மானிக்கும்போது அச்சு, சட்டகம், போக்குவரத்து, மண்டப வாடகையில் அந்தப் படத்தின் பங்கு ஆகியவற்றைக் கூட்டி, அதற்கு மேல் உங்கள் உழைப்பைச் சேருங்கள். காட்சிக்கூடம் விற்பனையில் பங்கு கேட்பதாயின், அது 30 முதல் 50 சதவீதம் வரை இருப்பது உலக வழக்கம். அந்தப் பங்கு போனபின்னும் செலவு மீளுமா என்று கணக்குப் பாருங்கள். சட்டகமின்றி அச்சை மட்டும் வாங்குவதற்கு வேறு விலை வைத்தால், விமானத்தில் திரும்பிப் போகிறவர்கள் நிச்சயம் அதையே கேட்பார்கள். உறவினருக்கு இலவசமாகக் கொடுக்க நினைத்தால் சிறிய அளவில், பதிப்பெண் இல்லாமல் கொடுங்கள். படத்தை வாங்குபவருக்குச் சொந்தமாவது அந்த அச்சு மட்டுமே. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின்கீழ் பதிப்புரிமை, எழுத்தில் கைமாற்றாதவரை, படைத்தவரிடமே இருக்கிறது. அதையும் பற்றுச்சீட்டில் ஒரு வரியாக எழுதிவிடலாம்.

இறக்கிய பிறகு

கண்காட்சி முடிந்த இரவே களைப்போடு படங்களை இறக்க வேண்டாம். மறுநாள் காலையில் இரண்டு பேரின் உதவியோடு இறக்குங்கள். சட்டகங்களை முகத்தோடு முகமும் முதுகோடு முதுகும் சேர்த்து, இடையில் அட்டை வைத்து, நிமிர்த்தியே அடுக்க வேண்டும். சட்டகமில்லாத அச்சுகளை அமிலமற்ற பெட்டியில் கிடையாகப் படுத்தி, ஒவ்வொன்றுக்கும் இடையில் மெல்லிய தாள் வைத்து, சிலிக்கா ஜெல் பொதிகளோடு மூடி, வெளிச்சுவரைத் தொடாத அலமாரியில், தரையிலிருந்து ஓரடியாவது உயர்த்தி வையுங்கள். நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளோடு வேப்பிலையும் வசம்பும் வைத்தார்கள் என்று சிலர் அதையே இங்கும் செய்கிறார்கள். அவை ஓலைக்கு உகந்தவை, கடதாசியில் கறையும் எண்ணெயும் ஏற்றும். அந்துருண்டையும் வேண்டாம். சிலிக்கா ஜெல்லின் மணிகள் நிறம் மாறியதும் அடுப்பின் மெல்லிய சூட்டில் உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். மாரி தொடங்குமுன் ஒருமுறையும், தை மாதத்தில் ஒருமுறையும் பெட்டியைத் திறந்து பார்த்தால் போதுமானது. திறந்த திகதியை மூடியின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிவையுங்கள்.